தாயைக் காட்டாதவரிடம் குட்டி வாங்காதீர்கள்

பெங்கால் பூனைக்குட்டி தேடும் பிரித்தானியத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள குடும்பத்தாருக்கு வணக்கம்.

சென்ற மாதம் ஈஸ்ட் ஹாமில் ஒரு பிறந்தநாள் விருந்து. பந்தி முடிந்து எல்லாரும் கை கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு தங்கை தன் போனை என்னிடம் நீட்டினார். "அக்கா, நீங்கள் பெங்கால் வளர்க்கிறீர்கள் அல்லவா? இந்தக் குட்டி எப்படி என்று பார்த்துச் சொல்லுங்கள். லூட்டனில் இருக்கிறதாம். 600 பவுண்டு." நீலக் கம்பளி ஒன்றின்மேல் உட்கார்ந்து நிமிர்ந்து பார்க்கும் குட்டி. வயிறெங்கும் புள்ளிகள், விலாவில் வளையம் வளையமாகக் கரும்பழுப்புத் திட்டுகள். அழகான குட்டிதான். அரை மணி நேரம் கழித்து, ஐஸ்கிரீம் கொடுத்த இடத்தில், வேறொரு குடும்பத்துத் தம்பி தன் போனை நீட்டினார். அதே குட்டி, அதே நீலக் கம்பளி. ஊர் மட்டும் பர்மிங்காம், விலை 850.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் நின்றுகொண்டு இருவரிடமும் சொல்லி முடிக்கிற விஷயமாக அது இல்லை. ஹாரோவிலும் டூட்டிங்கிலும் குரோய்டனிலும் இன்னும் எத்தனை வீடுகளில் இரவு பத்து மணிக்குப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இதே போன்ற படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களோ தெரியாது. உங்கள் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் குட்டி ஐந்து நாள் உயிரோடு இருந்தது.

2022 நவம்பர். மகளுக்கு அப்போது பதினொரு வயது. விளம்பரத்தில் எல்லாம் இருந்தது: வயது பத்து வாரம், தடுப்பூசி இரண்டும் போட்டாயிற்று, மருத்துவர் பார்த்தாயிற்று, தாய் தந்தை இரண்டும் வம்சாவளிப் பூனைகள், 450 பவுண்டு. வீட்டில் வேலை நடக்கிறது, ஒரே தூசி, அதனால் நெடுஞ்சாலைக்குப் பக்கத்துப் பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்துக்கு வந்துவிடுங்கள் என்று விற்பவர் சொன்னார். நாங்களும் போனோம். மழை தூறிக்கொண்டிருந்தது. காரின் பின்கதவைத் திறந்து ஒரு வாழைப்பழ அட்டைப்பெட்டியை எடுத்தார். உள்ளே நனைந்த செய்தித்தாள். அதன் மூலையில் குட்டி. இடது கண் பீளை கட்டி ஒட்டியிருந்தது. வாலின் அடியில் மயிர் ஈரமாகத் திரித்திரியாக ஒட்டிக் கிடந்தது. தூக்கினால் முதுகெலும்பு விரலில் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது.

என் கணவர் என் முழங்கையைத் தொட்டு, "வேண்டாம், போய்விடலாம்" என்றார். நான்தான் கேட்கவில்லை. "இதை இந்த நிலையில் இவரிடமே விட்டுவிட்டுப் போவதா?" என்று கேட்டேன். பணத்தை எண்ணிக் கொடுத்தேன். மகள் குட்டியைத் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள் மின்மினி என்று பெயர் வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை கால்நடை மருத்துவர் குட்டியைத் தராசில் வைத்தார். 610 கிராம். ஒரு குட்டி வாரத்துக்கு ஏறத்தாழ 100 கிராம் கூடும். இது பத்து வாரக் குட்டியல்ல, ஆறு வாரம் இருக்கலாம் என்றார். தடுப்பூசி அட்டையை வாங்கிப் பார்த்தார். முதல் ஊசிக்கு எழுதியிருந்த தேதி ஐந்து வாரத்துக்கு முந்தையது. அந்தத் தேதியில் மின்மினி கண்கூடத் திறந்திருக்காது. ஊசி போட்ட மருத்துவமனையின் முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பேனாக் கிறுக்கல். அன்று இரவே வாந்தி தொடங்கியது. மூன்றாம் நாள் இரத்தத்தோடு கழிந்தது. பான்லியூகோபீனியா என்றார்கள். நாய்களுக்கு வரும் பார்வோவுக்கு நெருங்கிய வைரஸ். குடலை அரித்து, இரத்தத்தின் வெள்ளணுக்களைச் சூறையாடிவிடும். முறையாகப் போட்ட தடுப்பூசி தடுத்துவிடக்கூடிய நோய் அது. ஐந்தாம் நாள் விடியற்காலை மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. விற்றவரின் எண் அதற்குள் செயலிழந்துபோயிருந்தது.

பணம் போனதைப் பற்றி நான் பேச வரவில்லை. பல மாதம் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. நான் ஒரு குட்டியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு பணம் கொடுத்தேன். அந்தப் பணம் எங்கே போயிருக்கும்? எங்கோ ஒரு அறையில், நான் கண்ணால் பார்க்காத ஒரு தாய்ப்பூனை இருந்தது. குட்டிகளைப் பிரித்தெடுத்த சில வாரங்களிலேயே தாய் மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் ஒன்பது வாரம். நான் கொடுத்த 450 பவுண்டு அவளுடைய அடுத்த ஈற்றுக்கு முன்பணம் ஆயிற்று. நோயாளிக் குட்டியையும் வாங்க ஆள் இருக்கிறது, அதுவும் பேரம் பேசாமல் வாங்குகிறார்கள் என்று அந்த மனிதருக்கு நான் கற்றுக்கொடுத்தேன்.

ஆகவே இந்த மடலில் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். இரக்கப்பட்டு வாங்காதீர்கள். கண் ஒட்டிய குட்டியைப் பார்த்தால் மனம் கிடந்து தவிக்கும், எனக்குத் தெரியும். கார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், விளம்பரத்தைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள், விலங்குநல அமைப்பான ஆர்.எஸ்.பி.சி.ஏ.வுக்கும் உங்கள் உள்ளாட்சி மன்றத்துக்கும் சொல்லுங்கள். பணத்தை மட்டும் கொடுக்காதீர்கள். அந்தக் குட்டியின் தாய்க்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி அதுதான்.

என் அப்பா காங்கயம் பக்கத்தில் விவசாயம் செய்தவர். சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போவார். ஒரு கிடாரி வாங்க மூன்று நாள் சுற்றுவார். பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். தாய் எந்தப் பட்டியில் நிற்கிறது, எத்தனை ஈற்று ஆயிற்று, எவ்வளவு கறந்தது என்று கேட்பார். பிடிக்கவில்லையென்றால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்கையோடு திரும்பிவிடுவார். விற்கிறவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். தாயைப் பார்த்து மகளைக் கொள், பாலைப் பார்த்துப் பசுவைக் கொள் என்பது எங்கள் வீட்டில் தினமும் புழங்கிய பேச்சு. அந்த அப்பாவின் மகள் நான். பதினைந்து ஆண்டு உயிரோடு இருக்கப்போகிற ஒரு உயிரை, ஆறு போட்டோவைப் பார்த்து, மழையில் நின்றுகொண்டு, ஐந்து நிமிடத்தில் வாங்கினேன்.

இந்த வைரஸ் வீட்டுக்குள் ஓராண்டு வரைகூடத் தங்கக்கூடியது என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். தரையையும் பொருள்களையும் பிளீச்சால் கழுவிக் கழுவித் துடைத்தோம். இன்னொரு பூனையைப் பற்றிப் பேசவே கூடாது என்று மகள் சொல்லிவிட்டாள். அந்த இடைவெளியில்தான் நான் படிக்கத் தொடங்கினேன்.

பெங்கால் என்ற பெயரைக் கேட்டு வங்காளத்துப் பூனை என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். இது கலிபோர்னியாவில் உருவாக்கப்பட்ட இனம். ஜீன் மில் என்ற பெண்மணி ஆசியக் காடுகளில் வாழும் சிறுத்தைப் பூனையை வீட்டுப் பூனையோடு சேர்த்து, பல தலைமுறை பொறுமையாகத் தேர்ந்தெடுத்து இதை நிலைநிறுத்தினார். சிறுத்தைப் பூனையின் அறிவியல் பெயரில் இருக்கும் பெங்காலென்சிஸ் என்ற சொல்லிலிருந்துதான் இனத்துக்குப் பெயர் வந்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அந்தக் காட்டுப் பூனை இருக்கிறது. இன்னொரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது: 1982இல் ஜீன் மில் டெல்லி உயிரியல் பூங்காவில், காண்டாமிருகங்களின் அடைப்பில் திரிந்த ஒரு நாட்டுக் கடுவனை, அதாவது ஆண் பூனையை, கண்டு அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். இன்று பெங்கால்களின் மயிரில் தங்கத்தூள் தூவியதுபோல் தெரிகிற மினுமினுப்பு அந்த டெல்லித் தெருப்பூனையின் வழியாக வந்தது என்கிறார்கள். டி.ஐ.சி.ஏ. என்ற சர்வதேசப் பூனைச் சங்கம் 1986இல் இதைப் புதிய இனமாக ஏற்றது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், "காட்டு இரத்தம் அதிகம்" என்று சொல்லி விலையை ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். காட்டுப் பூனையிலிருந்து நான்காம் தலைமுறையிலும் அதற்குப் பிறகும் வருபவைதான் வீட்டுக்கான பெங்கால்கள். முதல் தலைமுறைக் கலப்பினப் பூனையை வீட்டில் வைத்துக்கொள்ள இந்த நாட்டில் 1976ஆம் ஆண்டின் ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டப்படி உரிமம் வேண்டும். பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம்.

அடுத்தது காகிதங்கள். நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிற இடம் இது. வம்சாவளிப் பத்திரம் வேறு, பதிவு வேறு. ஐந்து தலைமுறைப் பெயர்களை அழகாக அச்சடித்து, ஓரத்தில் தங்க நிறக் கோடு போட்ட பத்திரத்தை யாரும் வீட்டுக் கணினியில் தயாரித்துவிடலாம். பதிவு என்பது ஒரு அமைப்பின் ஏட்டில் அந்தக் குட்டியின் பெயர் ஏறியிருப்பது. பிரிட்டனில் 1910 முதல் இயங்கும் கவர்னிங் கவுன்சில் ஆஃப் தி கேட் ஃபேன்சி, சுருக்கமாக ஜி.சி.சி.எஃப்., ஒன்று, டி.ஐ.சி.ஏ. மற்றொன்று. விற்பவர் சொல்லும் பதிவு எண்ணையும் அவர் பெயரையும் வைத்துக்கொண்டு அந்த அலுவலகத்தையே கேளுங்கள். உண்மையான பிரீடர் இதற்காக முகம் சுளிக்க மாட்டார். (இனப்பெருக்கம் செய்பவர் என்று நீட்டி எழுதுவதைவிட, நாம் எல்லாரும் சொல்கிறபடி பிரீடர் என்றே எழுதிவிடுகிறேன்.)

பதிவு இருந்தால் போதுமா என்றால், போதாது. பதிவு என்பது பரம்பரைக்குச் சாட்சி. உடல்நலத்துக்குச் சாட்சி அல்ல. பெங்கால்களில் மூன்று காரியங்களைக் கேட்டே ஆக வேண்டும். இரண்டு எளியவை. சிவப்பணுக்கள் சிதைந்து சோகை வரும் பி.கே. குறைபாடு, குட்டிப் பருவத்திலேயே தொடங்கிப் பார்வையைப் பறிக்கும் விழித்திரைத் தேய்வு, இரண்டுக்கும் மரபணுச் சோதனை உண்டு. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். தாய், தந்தை இரண்டில் ஒன்றாவது முழுக்கப் பழுதில்லாதது என்று ஆய்வகத் தாளில் இருந்தால் குட்டிக்கு அந்த நோய் வராது.

மூன்றாவதுதான் இதயம். இதயத் தசை தடித்துப்போகும் நோய், எச்.சி.எம். என்பார்கள். மெய்ன் கூன், ராக்டால் இனங்களுக்கு அதற்கான மரபணுச் சோதனைகள் இருக்கின்றன. பெங்காலுக்கு இல்லை. அந்த இனங்களின் சோதனையைப் பெங்காலுக்குச் செய்து "எச்.சி.எம். நெகட்டிவ்" என்று காட்டினால் அந்தத் தாளுக்கு மதிப்பே கிடையாது. பெங்காலுக்கு ஒரே வழி, இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் பூனைகளின் இதயத்தை, அதில் பயிற்சி பெற்ற மருத்துவரிடம் ஆண்டுதோறும் அல்ட்ராசவுண்டு எடுப்பது. மூன்று வயதில் நன்றாக இருந்த இதயம் ஆறு வயதில் தடித்துப்போகலாம். அதனால்தான் ஆண்டுதோறும். இதற்குப் பணம் செலவாகும், பயணம் செய்ய வேண்டும், நாளெல்லாம் காத்திருக்க வேண்டும். குறுக்குவழிக்காரர்கள் இதைச் செய்ய மாட்டார்கள். "மருத்துவர் பார்த்தாயிற்று" என்ற சொல்லுக்கு ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார் என்பதற்குமேல் பொருளில்லை. தாளைக் கேளுங்கள். தேதியைப் பாருங்கள். தேதி ஓராண்டுக்குள் இருக்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு ஜி.சி.சி.எஃப்.பில் பதிவு பெற்ற பிரீடர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தேன். பலரிடம் குட்டியே இல்லை. ஒருவர் நாற்பது நிமிடம் என்னை விசாரித்தார். காலையில் எத்தனை மணிக்கு எல்லாரும் வெளியே போவீர்கள்? தோட்டத்துச் சுவர் எவ்வளவு உயரம்? ஜன்னல்கள் எவ்வளவு தூரம் திறக்கும்? சமைக்கும்போது அடுப்பங்கரைக் கதவைச் சாத்துவீர்களா? கோடையில் இந்தியாவுக்குப் போனால் பூனையை யார் பார்ப்பார்கள்? கடைசியில், "எட்டு மணி நேரம் ஆளில்லாத வீட்டில் தனியாக ஒரு பெங்காலை நான் தர மாட்டேன். வாழ்க்கை மாறினால் மறுபடி கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

அன்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. நாம் காசு கொடுத்து வாங்குகிறோம், இவர் என்ன பெண் கொடுப்பதுபோல் விசாரிக்கிறார் என்று கணவரிடம் கொட்டித் தீர்த்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது: பெண் கொடுப்பதுபோலத்தான் விசாரிக்க வேண்டும். கார் நிறுத்துமிடத்தில் அந்த மனிதர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ரொக்கம்தானே?"

எனக்குக் குட்டி தர மறுத்த அந்தப் பிரீடர் சொன்னது உண்மையும்கூட. பெங்கால் மடியில் தூங்கிக்கொண்டே காலம் தள்ளுகிற பூனை அல்ல. அலமாரி உச்சிக்குத் தாவும், குழாயைத் திறக்கப் பார்க்கும், அலுத்துப்போனால் கத்தியே வீட்டை இரண்டாக்கும். புள்ளியைப் பார்த்து வாங்கி, சமாளிக்க முடியாமல் ஓராண்டில் காப்பகத்தில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து பார்க்கும்படி செய்துகொண்ட பிறகுதான் மறுபடி தேடினேன்.

எட்டு மாதம் காத்திருந்து, சஃபோக் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனோம். சாதாரண வீடு. கூடத்தில் சோபா, டி.வி., பூனைகள் நகம் தேய்த்துப் பிய்ந்த கம்பம். குட்டிகள் அந்தக் கூடத்திலேயே வளர்ந்தன. வாக்குவம் கிளீனர் ஓடியபோது ஒன்றும் ஓடி ஒளியவில்லை. ஆறு வாரக் குட்டிகள் நான்கு. விளம்பரப் படங்களில் வருவதுபோல் பளபளப்பாக இல்லை. சாம்பல் பூசியதுபோல் பஞ்சுமயிர் மூடி, புள்ளிகள் மங்கித் தெரிந்தன. "இந்த வயதில் இப்படித்தான் இருக்கும், காட்டுத் தாயின் குட்டி புல்லில் ஒளிவதற்காக வந்த மயிர் என்பார்கள், மூன்று நான்கு மாதத்தில் தெளியும்" என்றார் அந்த வீட்டு அம்மையார். ஆறு வாரக் குட்டி கண்ணாடிபோல் பளபளக்கும் படத்தை யாராவது அனுப்பினால் கொஞ்சம் யோசியுங்கள்.

குட்டிகளைத் தொட எங்களை விடவில்லை. முதலில் தரையில் உட்காரச் சொன்னார். தாய் வந்தது. பழுப்பு நிறம், கனத்த வால். என் முழங்காலை முகர்ந்தது, மகளின் காலுறையை முகர்ந்தது, பிறகு மகளுக்குப் பக்கத்தில் அப்படியே சாய்ந்து படுத்துக்கொண்டது. குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பால் குடிக்க வந்தன. தாயின் வயிற்றில் காம்பைச் சுற்றி மயிர் தேய்ந்திருந்தது. கண் தெளிவு, மூக்கு உலர்வு, அறையில் நாற்றம் இல்லை. மகள் ஓராண்டுக்குப் பிறகு ஒரு பூனையைத் தொட்டாள்.

பிறகு அந்த அம்மையார் மேசைமேல் காகிதக் கோப்பு ஒன்றை வைத்தார். மரபணுச் சோதனைத் தாள்கள், ஏழு வாரத்துக்கு முன் எடுத்த தாயின் இதய ஸ்கேன் அறிக்கை, வேறொரு பிரீடரிடம் இருந்த தந்தையின் அறிக்கை. நான் கேட்பதற்கு முன்பே இன்னொரு தாளையும் எடுத்துக் காட்டினார். அவர் முன்பு வைத்திருந்த ஒரு கடுவனுக்கு எட்டு வயதில் எச்.சி.எம். தெரியவந்ததாம். அந்த வழியில் இனப்பெருக்கத்தை அன்றோடு நிறுத்திவிட்டு, அதன் குட்டிகளை வாங்கியிருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் கடிதம் எழுதினாராம். அந்தக் கடிதத்தின் நகல்தான் அது. எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான். "என் பூனைகளுக்கு இதுவரை எந்த நோயும் வந்ததில்லை" என்கிறவர் ஒன்று புதியவராக இருப்பார், அல்லது தேடிப் பார்க்காதவராக இருப்பார்.

குட்டியைப் பதின்மூன்று வாரம் முடியும்வரை அவர் தரவில்லை. ஜி.சி.சி.எஃப். விதி அதுதான். முதல் தடுப்பூசி ஒன்பது வாரம் வாக்கில், மூன்று வாரம் கழித்து இரண்டாவது, அதற்குப் பின் ஒரு வார ஓய்வு. விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்: பத்து வாரத்தில் இரண்டு ஊசியும் முடிந்த குட்டி எப்படி இருக்க முடியும்? அன்று விளம்பரத்தைப் படித்தபோது இந்தக் கூட்டலைப் போட்டிருந்தால் நான் வீட்டை விட்டே கிளம்பியிருக்க மாட்டேன். விலை 1,100 பவுண்டு. அதோடு மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு), ஒப்பந்தம், எந்த வயதிலும் வளர்க்க முடியாமல் போனால் குட்டியைத் தன்னிடமே திருப்பித் தர வேண்டும் என்று அவர் கையால் எழுதிச் சேர்த்த ஒரு வரி.

சட்டம் உங்களைக் காப்பாற்றும் என்று நினைத்து அசட்டையாக இருக்காதீர்கள். லூசியின் சட்டம் என்று பெயர்பெற்ற விதி 2020 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்தில் நடைமுறையில் இருக்கிறது. தான் ஈன வைக்காத, ஆறு மாதத்துக்கு உட்பட்ட நாய்க்குட்டியையும் பூனைக்குட்டியையும் வியாபாரிகள் இடைத்தரகராக விற்கக் கூடாது. 2024 ஜூன் 10 முதல் இருபது வாரத்துக்குள் மைக்ரோசிப்பும் கட்டாயம். நல்ல சட்டங்கள். ஆனால் இங்கிலாந்தில் ஓராண்டில் மூன்று ஈற்று நாய்க்குட்டிகளை விற்பவருக்கு உரிமம் வேண்டும் என்றிருக்க, பூனைகளை ஈன வைப்பவருக்கு அப்படித் தனி உரிமம் கிடையாது. ஸ்காட்லாந்தில் 2021ஆம் ஆண்டின் விதிகள் பூனைக்கும் சேர்த்தே உரிமம் கேட்கின்றன. இங்கே யாரும் உங்களுக்கு முன்னால் அந்த வீட்டுக்குள் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள். முதலில் போகிற கண் உங்களுடையதுதான்.

நம் பழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். முகத்துக்கு நேரே தாளைக் கேட்பது மரியாதையில்லை என்று நமக்கு ஊறிப்போயிருக்கிறது. தெரிந்தவர் மூலம் வந்தவர் என்றால் கேட்கவே மாட்டோம்; "நம்ம ஆள்தான்" என்ற ஒரு சொல்லே போதும். அதே நேரத்தில் விலையில் ஐம்பது பவுண்டு குறைக்க ஒரு மணி நேரம் பேசுவோம். மாற்றிச் செய்யுங்கள். பிறந்த இடத்திலேயே தாயோடு பார்க்க வேண்டும் என்று கூசாமல் கேளுங்கள். மைக்ரோசிப் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். பார்ப்பதற்கு முன்பே முன்பணம் கேட்டால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். கூரியரில் அனுப்புகிறேன் என்றால் குட்டியே இல்லை என்று பொருள்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன், சிலருக்கு வருத்தமாக இருக்கும். நம் வீடுகளிலேயே "ஒரு ஈற்று போட்டால் வாங்கின காசு திரும்பிவிடும்" என்ற பேச்சு இருக்கிறது. ஜோடி வாங்கிவிடலாமா என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். வளர்ப்புக்காகத் தரும் குட்டிகளை நல்ல பிரீடர்கள் இனப்பெருக்கத்துக்கு அனுமதியில்லாத பதிவேட்டில் சேர்த்துத்தான் தருவார்கள்; அதன் வாரிசுகளை யாரும் பதிவுசெய்ய முடியாது. அதை மீறி ஈன வைத்தால், ஸ்கேன் இல்லாமல், சோதனை இல்லாமல், பதிவு இல்லாமல் நீங்களும் அந்த அட்டைப்பெட்டிக்காரரின் வழியில்தான் போகிறீர்கள். சஃபோக் அம்மையார் ஆண்டுக்கு ஒன்றிரண்டு ஈற்றுதான் எடுக்கிறார். செலவு போக மிஞ்சுவது மிகக் குறைவு என்று கணக்கைக் காட்டினார். முறையாகச் செய்தால் இதில் காசு இல்லை. காசு வருகிறது என்றால் எங்கோ ஒரு தாய்ப்பூனைக்குச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை.

1,100 பவுண்டு எல்லாராலும் முடியாது என்பதும் எனக்குத் தெரியும். முடியாவிட்டால் மலிவான பெங்காலைத் தேடாதீர்கள். ஓய்வு கொடுத்த தாய்ப்பூனைகளைக் கருத்தடை செய்து, குறைந்த தொகைக்கு நல்ல வீடு தேடும் பிரீடர்கள் இருக்கிறார்கள். ஐந்து வயதுப் பூனைக்கும் உங்கள் பிள்ளைகளைப் பிடித்துப்போகும். காப்பகங்களிலும் பெங்கால்கள் வருகின்றன. புள்ளி முக்கியமில்லை என்றால், அங்கேயே சாதாரணப் பூனைகள் வரிசையாகக் காத்திருக்கின்றன.

யாராவது குட்டி பார்க்கப் போகும்போது துணைக்கு ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், சனிக்கிழமைகளில் நான் வருகிறேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வர, பக்கத்தில் ஒருவர் இருந்தால் எளிது.

அந்த விருந்தில் போனை நீட்டிய இருவரிடமும் ஒரே காரியத்தைச் செய்யச் சொன்னேன்: குட்டி தாயிடம் பால் குடிப்பதை இன்றே ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். தம்பி கேட்டதும் பர்மிங்காம்காரர் அவர் எண்ணை முடக்கிவிட்டார். தங்கைக்கு லூட்டனிலிருந்து பதில் வந்தது: தாயை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டோம், நிறையப் பேர் கேட்கிறார்கள், இன்று இரவுக்குள் 200 பவுண்டு அனுப்பினால் உங்களுக்கென்று எடுத்துவைக்கிறோம். அவர் இன்னும் அனுப்பவில்லை. ஆனால் அவருடைய மகன் படத்தில் இருக்கும் குட்டிக்கு ஏற்கெனவே பெயர் வைத்துவிட்டானாம். இந்த மடலின் முதல் பிரதியை அவருக்குத்தான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
மின்மினியின் வீட்டிலிருந்து ஒரு சகோதரி